பொறியியல் மாணவரின் எழுத்துப் பாடமும் மொழி கடக்கும் திறன்களும்: குற்றால அருவிக்கரையை முன்வைத்து

திறவுச்சொற்கள்: தொழில்நுட்ப எழுத்து, மீள்நோக்கு, விபத்து அறிக்கை, அறிவிப்புத் தொடர், நன்னூல், குற்றாலம்

முன்னுரை

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி அமைந்த பாடத்திட்டத்தில், பொறியியல் மாணவருக்கு முதலாண்டின் இரு பருவங்களிலும் தொழில்சார் ஆங்கிலம் பாடமாக உள்ளது. செயல்முறையை விவரித்தல், அறிவுறுத்தல் எழுதுதல், சரிபார்ப்புப் பட்டியல் அமைத்தல், பரிந்துரைத்தல், விபத்து அறிக்கை எழுதுதல் ஆகியன அதில் இடம்பெறும் பயிற்சிகளாகும். அதே ஆண்டில் தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்னும் இரு பாடங்களையும் மாணவர் பயில்கின்றனர். இவை 2022-23ஆம் கல்வியாண்டில் சேர்க்கப்பட்டவை. ஒவ்வொன்றும் ஒரு கிரெடிட் மதிப்புடையது. முன்னது எழுதக் கற்பிக்கிறது; அதன் மொழி ஆங்கிலம். பின்னவை தமிழைப் பற்றியும் தமிழர் தொழில்நுட்பங்களைப் பற்றியும் கற்பிக்கின்றன. தமிழில் எழுதும் பயிற்சி அவற்றின் அலகுகளுள் ஒன்றாக இல்லை.

இந்தியா 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் நிரந்தர உறுப்பு நாடாயிற்று. தேசிய அங்கீகார வாரியம் பொறியியல் பட்டதாரிக்கு முன்னர் வகுத்திருந்த 12 பயன்களுள் பத்தாவது, தகவல் தொடர்பு பற்றியதாக இருந்தது. பொறியாளரிடையே மட்டுமன்றிப் பொதுச் சமூகத்துடனும் தெளிவாக உரையாடவும், அறிவுறுத்தல்களைத் தெளிவாக வழங்கவும் பட்டதாரி அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தென்காசி மாவட்டத்தில் பணியாற்றப்போகும் பொறியாளருக்கு அப்பொதுச் சமூகம் தமிழ் பேசும் சமூகம். ஆங்கிலத்தில் கற்ற எழுத்துத் திறன் தமிழுக்குத் தானே வந்து சேருமா என்பதே இங்கு எழும் வினா. தானே வராது என்பதும், கற்றதைத் தமிழில் மீள்நோக்குவதே அதற்கு வழி என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

மீள்நோக்கு என்பது எது?

தொழில் வல்லார் பணியின் ஊடேயும் பணி முடிந்த பின்னும் தம் செயலைத் தாமே ஆராய்ந்து கற்கும் முறையை டொனால்டு ஷோன் 1983இல் வெளியான தம் நூலில் விளக்கினார். கேத்லீன் பிளேக் யான்சி 1998இல் அக்கருத்தை எழுத்து வகுப்பறைக்குரியதாக விரித்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொறியியல் மாணவருக்கான எழுத்துப் பாடங்கள் சில, ஒரு மீள்நோக்குக் கட்டுரையுடன் நிறைவுறுவது இதன் தொடர்ச்சியே. பருவம் முழுதும் எழுதியவற்றைத் தொகுத்து, யாரை வாசகராகக் கொண்டு எழுதினோம், திருத்தியபோது எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்பவற்றை மாணவர் அதில் விளக்குகின்றனர்.

பாடம் மிகவும் பயனுடையதாக இருந்தது என்று நன்றி கூறுவது மீள்நோக்கு ஆகாது. முதல் வரைவில் 'போதிய அளவு நீர்' என்று எழுதிய மாணவர், வாசகர் களப்பணியாளர் என்பதை உணர்ந்து அதனை '200 மில்லிலிட்டர் நீர்' என்று மாற்றியிருக்கலாம். அம்மாற்றத்தின் காரணத்தைச் சொல்ல முடிந்தவரே அத்திறனை வேறோர் இடத்துக்கு எடுத்துச் செல்ல வல்லவர். பெயரிட்டு அறியப்படாத திறன், கற்ற மொழியோடும் தேர்வுத்தாளோடும் தங்கிவிடுகிறது.

அருவிக்கரையில் ஓர் அறிக்கை

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருக்கெடுத்தது. குளித்துக்கொண்டிருந்தோர் கரையேறி ஓடினர். 17 வயது மாணவர் ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். இந்நிகழ்வைத் தமிழில் விபத்து அறிக்கையாக எழுதுமாறு தென்காசி வட்டாரத்து வகுப்பொன்றில் பணிப்பதாகக் கொள்வோம். நாள், இடம், நிகழ்ந்தது, காரணம், எடுத்த நடவடிக்கை, பரிந்துரை என்னும் வடிவம் மாணவர் அறிந்ததே. ஆயினும் தமிழில் எழுதத் தொடங்கியதும் 'எதிர்பாராத விதமாக', 'கண்ணிமைக்கும் நேரத்தில்' போன்ற செய்தித்தாள் தொடர்களே முதலில் கைக்கு வரும். அவை காரணம் நிற்க வேண்டிய இடத்தில், காரணம் எதையும் சொல்லாமல் நின்றுவிடுகின்றன.

'எதிர்பாராத' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். எதிர்பாராதவர் யார்? மலைமேல் நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை பெய்யும்போது அடிவாரம் வறண்டிருக்கக்கூடும். கீழே குளிப்பவருக்கு வானம் எந்தக் குறிப்பும் தராது. மழையளவையும் வானிலை அறிவிப்பையும் பார்ப்பவரின் நிலை வேறு. ஆகவே அறிக்கை அச்சொல்லைப் பிரித்தெழுத வேண்டும்: யாருக்கு எத்தகவல் எப்போது கிடைத்தது, அது குளிப்பவரைச் சென்றடைய எவ்வளவு நேரமாயிற்று. குற்றாலத்தின் பருவம் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஜூனில் தொடங்குவது. இவ்வெள்ளமோ மே மாதத்தில் வந்தது. பருவகாலத்தை மட்டும் மனங்கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் இதற்கு உதவாது என்னும் பரிந்துரை இவ்வாறு பிரித்தெழுதியபின்தான் புலனாகிறது.

வரையறை எழுதும் பயிற்சிக்கும் இவ்வூரில் நல்ல பொருள் உண்டு. பேரருவியின் நீர் நேரே தரைக்கு வருவதில்லை. இடையிலுள்ள பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குழிவில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து வழிகிறது. மக்கள் அருவியின்கீழ் நின்று குளிக்க முடிவது இதனாலேயே. இனம், வேறுபாடு, செயல், பயன் ஆகிய நான்கையும் ஒரே பத்தியில் அமைக்க இதனினும் ஏற்ற எடுத்துக்காட்டைப் பாடநூலில் தேட வேண்டியதில்லை.

அறிவிப்புத் தொடரின் அமைப்பு

பொது அறிவிப்புகளின் வாய்பாட்டை விளக்குதற்பொருட்டு அமைத்த தொடர் இது: 'சுற்றுலாப் பயணிகளின் பாதுகாப்பைக் கருத்திற்கொண்டு, நீர்வரத்து அதிகரிக்கும் வேளையில் அருவியில் குளிப்பதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.' தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்பதால், செய்ய வேண்டியது என்னவென்பது வாசகருக்குக் கடைசியில்தான் கிடைக்கிறது. அதுவும் செயப்பாட்டு வினைக்குள் மறைந்து கிடைக்கிறது. 'நீர் கலங்கி வந்தால் உடனே வெளியேறுங்கள். படிவழியே மேலே செல்லுங்கள்' என்று மாற்றினால், குளிப்பவர் தம் கண்ணால் காணக்கூடிய அடையாளமும் செய்ய வேண்டிய செயலும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன.

இங்கு ஓர் ஒப்புமை கருதத்தக்கது. அறிவுறுத்தலில் நிபந்தனையை முதலிலும் செயலைப் பின்னும் வைக்குமாறு ஆங்கிலத் தொழில்நுட்ப எழுத்து நூல்கள் வற்புறுத்துகின்றன. ஆங்கிலத் தொடர் இரு வரிசைக்கும் இடம் தருவதே காரணம். தமிழில் '-ஆல்' ஈற்று நிபந்தனை எச்சம் இயல்பாகவே முன்வருகிறது. எனவே ஆங்கில வகுப்பின் அவ்விதி தமிழுக்குப் பெரிதும் வேண்டுவதன்று. தமிழுக்கு வேண்டும் விதி, வினைமுற்றுக்கு முன் அடுக்கும் எச்சங்களைக் குறைத்தல். மொழி மாறும்போது வாசகரைக் கருதும் திறன் அப்படியே வரலாம். விதிகள் அப்படியே வருவதில்லை.

சொற்களின் தரப்படுத்தம் மற்றொரு சிக்கல். அமெரிக்காவின் ஏஎன்எஸ்ஐ இசட்535 தரநிலை அபாய அறிவிப்புக்கு மூன்று சொற்களைப் படிநிலைப்படுத்துகிறது: இறப்போ பெருங்காயமோ உறுதி, அவை நேரக்கூடும், சிறுகாயம் நேரக்கூடும் என்பன அப்படிகள். தமிழில் அபாயம், எச்சரிக்கை, கவனம் என்னும் சொற்கள் வழக்கில் உள்ளன; ஆனால் எது எதனினும் கடுமையானது என்னும் உணர்வு பயன்பாட்டில் உறுதிப்படவில்லை. மேலும் குற்றாலத்துக்குச் செங்கோட்டை வழியாக வரும் மலையாளிகளும் பலர். அறிவிப்பின் வாசகர் தமிழர் மட்டும் அல்லர் என்பதும் மாணவர் கருத வேண்டியது.

மீள்நோக்குக்கான சொற்கள்

தம் எழுத்தைப் பற்றித் தமிழில் பேச மாணவருக்குக் கலைச்சொற்கள் வேண்டும். நன்னூல் பொதுப்பாயிரம் கூறும் பத்துக் குற்றங்கள் இதற்குக் கைகொடுக்கும். மேற்காட்டிய தொடரில் பாதுகாப்பைக் கருத்திற்கொள்ளும் முன்னுரை மிகைபடக் கூறல். எங்கே செல்ல வேண்டும் என்பதைச் சொல்லாதது குன்றக் கூறல். அளவு காட்டாத 'அதிகரிக்கும் வேளை' மயங்க வைத்தல். பவணந்தியார் நூலுக்கே இலக்கணம் கூறினார், அறிவிப்புப் பலகைக்கு அன்று. ஆதலின் தொழில்நுட்ப எழுத்து தமிழில் அன்றே இருந்தது என்று நிறுவ இதனைச் சான்றாக்குதல் பொருந்தாது. திருத்தத்தின் காரணத்தைப் பெயரிட்டுச் சொல்ல ஒரு சொற்றொகுதி கிடைக்கிறது, அவ்வளவே. குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் கடிதங்களையும் இவ்வகையில் பயன்படுத்தலாம். எதிரில் இருப்பவரோடு பேசுவதுபோல் எழுதும் அந்நடை, முன்னிலையை மறந்த அறிவிப்பு மொழிக்கு நேர்மாறானது.

தமிழரும் தொழில்நுட்பமும் பாடத்தின் ஐந்தாம் அலகு அறிவியல் தமிழ், கணித்தமிழ் ஆகியவற்றின் வளர்ச்சியைக் கூறுகிறது. அவ்வலகில் இரண்டு வகுப்புகளை ஒதுக்கினால், மாணவர் ஆங்கிலப் பாடத்தில் தாம் எழுதிய அறிவுறுத்தல் ஒன்றைத் தம் ஊர் வாசகருக்காகத் தமிழில் புதிதாக எழுதி, எவை மாறின, ஏன் மாறின என்று அரைப்பக்கம் விளக்கலாம். மதிப்பெண் அந்த அரைப்பக்கத்துக்கு அமைய வேண்டும்.