பார்த்துக்கொள்கிறவள் படிக்கப் போனால்...

காலை ஏழரைக்கு மேல் கேரளத்தின் வைப்பின் தீவு பஸ்களில் கால் வைக்க இடம் இருக்காது. வடக்கே முனம்பத்தில் தொடங்கித் தெற்கே கொச்சி அழிமுகம் வரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளும் தீவு இது. செறாய், எடவனக்காடு, நாயரம்பலம், ஞாறக்கல், எளங்குன்னப்புழ என்று வழியெங்கும் கல்லூரிப் பிள்ளைகளும் கடை வேலைக்குப் போகிறவர்களும் ஏறுகிறார்கள். 2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கும்வரை எர்ணாகுளம் போகப் படகுதான். பாலம் வந்த பிறகும் வைப்பின் பஸ்கள் நெடுங்காலம் ஹைகோர்ட் ஜங்ஷனோடு நின்றுவிட்டன. கல்லூரி வாசலுக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரிப் பக்கம் படிக்கிறவர்கள் தெற்கு முனையில் ஜங்கார் படகுக்குக் காத்து நிற்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் சேராமல் வீட்டிலேயே நின்றுவிட்ட இளையவர்களும் தீவில் இருக்கிறார்கள். உள்ளே அம்மா பக்கவாதத்தில் கிடப்பார். அல்லது மூளை முடக்குவாதம் உள்ள தம்பி இருப்பான். குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க ஒருவர் வேண்டும். வீட்டுப் பெண்ணின் படிப்பு பிளஸ் டூவோடு நிற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவைப்படுவதில்லை. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்வதாகப் பதிவாகியிருக்கிறது. ஆண்களில் அது 21.4 சதவீதம்.

வைப்பினுக்கு இந்தச் சுமை பழையது. 1982 ஓணத்தின்போது மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இங்கே 70க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் பார்வை இழந்தார்கள். ஒரே வாரத்தில் எத்தனையோ வீடுகளில் உழைத்துக் கொடுத்தவர் கைபிடித்து நடத்தப்பட வேண்டியவராக மாறினார். கைபிடித்து நடத்தியவர்களுக்கு என்று அப்போது தனியாக எந்த உதவித் திட்டமும் இல்லை.

அப்படி ஒன்று வந்தது 2010இல். கேரள சமூகப் பாதுகாப்பு மிஷன் நடத்தும் ‘ஆஸ்வாசகிரணம்’ நோயாளிக்கான பென்ஷன் அல்ல, பார்த்துக்கொள்கிறவருக்கான பணம். அதுதான் இதன் பெருமை. முழு நேரமும் ஆள் துணை வேண்டிய படுக்கை நோயாளிகள், கடுமையான உடல், மனக் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோரைக் கவனிப்பதால் வேறு வேலைக்குப் போக முடியாமல் போனவருக்கு மாதம் 600 ரூபாய். ஒரு மாத வயதுவந்தோர் டயப்பருக்கே போதாத தொகை. தவணைகள் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றதும் புதிய விண்ணப்பங்கள் ஆண்டுக்கணக்கில் முடங்கியதும் கேரளச் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வந்த செய்திகள்.

இருந்தாலும் அந்த 600 ரூபாயை யாரும் அலட்சியமாகப் பேசுவதில்லை. வீட்டுக்குள் நடக்கும் உழைப்பை அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் அது. பயனாளிப் பட்டியலில் பெயர் இருப்பதே ஒரு பிடிமானம். கேள்வி இங்கேதான் பிறக்கிறது. பட்டியலில் உள்ள பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் பி.ஏ. சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டு மணிக்குப் பஸ் ஏறுகிறவளை இனி ‘முழு நேரமும் உடனிருப்பவர்’ என்று எழுத முடியுமா? வேலைக்குப் போகாதவர் என்பதை மனத்தில் வைத்து எழுதிய விதி, படிக்கப் போகிறவரைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. விதி யோசிக்காத இடத்தில் கீழ்மட்ட அலுவலரின் மனம்தான் விதி. ஒரு முறை பெயர் நீங்கினால், புதிய விண்ணப்பம் முடங்கிக் கிடக்கும் திட்டத்தில் மறுபடி நுழைவது எப்படி என்ற பயமே பலரைக் கல்லூரி வாசலுக்கு வராமல் தடுக்கப் போதும்.

இந்தத் தடையை மறைக்காமல் எழுத்திலேயே வைத்திருக்கும் நாடு பிரிட்டன். பராமரிப்பாளர் உதவித்தொகையை 1976லேயே கொண்டுவந்த நாடு. மேரி வெப்ஸ்டர் என்ற கிறிஸ்தவப் போதகர், பெற்றோரைக் கவனிக்க வேலையை விட்ட தனிப் பெண்களைத் திரட்டி 1965இல் அமைப்பு கட்டியதிலிருந்து அதன் கதை தொடங்குகிறது. ஆனால் தொகை வந்தபோது திருமணமான பெண்களுக்குக் கிடையாது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்று அரசு வாதாடியது. தாயைக் கவனிக்க 1984இல் வேலையை விட்ட ஜாக்கி டிரேக், ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1986இல் அந்த விலக்கை உடைத்தார். படிப்பு தொடர்பான விலக்கு மட்டும் உடையவில்லை. இன்றும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாரத்துக்கு 35 மணி நேரம் ஒருவரைக் கவனித்தால் அந்தத் தொகை உண்டு. வாரம் 21 மணி நேரமோ அதற்கு மேலோ படித்தால் கிடையாது. 2025-26இல் அந்தத் தொகை வாரம் 83 பவுண்டு 30 பென்ஸ். கோடை விடுமுறையில் பகலெல்லாம் வீட்டில் இருந்து கவனித்தாலும் படிப்பு தொடரும் காலமாகவே அதையும் கணக்கிடுகிறார்கள்.

இந்தக் கணக்கில் பிழை இருக்கிறது. வைப்பின் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். விடியற்காலை ஐந்து முதல் எட்டு வரை மூன்று மணி நேரம், மாலை ஆறு முதல் பத்து வரை நான்கு மணி நேரம். ஐந்து கல்லூரி நாட்களில் மட்டுமே 35 மணி ஆகிவிட்டது. சனி, ஞாயிறையும் இரவில் எழுந்து புரட்டிப் படுக்க வைப்பதையும் இன்னும் சேர்க்கவில்லை. படிக்கிறவர் பராமரிப்பை விட்டுவிடுவதில்லை, தூக்கத்தைத்தான் விட்டுவிடுகிறார். அப்படிப்பட்டவரிடமிருந்து பணத்தையும் எடுத்துக்கொள்வதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

ஸ்காட்லாந்து இதை உணர்ந்து மாறியது. 2023 நவம்பரில் மூன்று பகுதிகளில் தொடங்கி, 2024 நவம்பரில் நாடு முழுவதும் விரிந்த அதன் புதிய பராமரிப்பாளர் தொகையில், முழுநேர மாணவர்களில் பெரும்பாலோருக்குக் கதவு திறந்தது. ஆஸ்திரேலியாவில் வேலை, படிப்பு, தன்னார்வப் பணி, போக வரும் பயணம் எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு 25 மணி நேரம்தான் என்று கறாரான வரம்பு இருந்தது. வைப்பினில் இருந்திருந்தால் பஸ் பயணமே அதில் பாதியைத் தின்றிருக்கும். 2025 மார்ச் 20 முதல் அந்த வரம்பு சம்பள வேலைக்கு மட்டும்தான். அதுவும் நான்கு வாரத்துக்கு 100 மணி நேரம் என்று நெகிழ்ந்துவிட்டது. படிப்பை யாரும் எண்ணுவதில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு விதமாகச் சிக்கலானது. உயர் ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளைக் கவனித்துக்கொள்பவருக்காக மாதம் 1,000 ரூபாய் தரும் ஏற்பாடு இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே 24ஆம் பிரிவில் பராமரிப்பாளர் படியைச் சொல்கிறது. இன்னொரு பக்கம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு 2022 செப்டம்பர் 5 முதல் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஆனால் அஞ்சல் வழியில் படிப்பவர்களுக்கு இது இல்லை. வீட்டில் தம்பியை விட்டு நகர முடியாததால் அஞ்சல் வழியைத் தேர்ந்த பெண்ணுக்குப் படிப்புத் தொகை கைக்கு எட்டாது. கல்லூரிக்கே போகிறவளிடம் தம்பியை யார் பார்த்துக்கொள்கிறார் என்ற கேள்வி வந்து நிற்கும். பராமரிப்புக்கும் படிப்புக்கும் தனித்தனி அரசாணை போட்டவர்கள், இரண்டும் ஒரே பெண்ணின் வாழ்க்கையில் சேர்ந்து வரும் என்று நினைக்கவில்லை.

தள்ளிப்போன படிப்பு எவ்வளவு தூரம் தள்ளிப்போகும் என்பதற்குக் கேரளமே சாட்சி. கொல்லம் பிராக்குளத்தைச் சேர்ந்த பாகீரதி அம்மா, தாய் இறந்ததும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதற்காக ஒன்பது வயதில் பள்ளியை விட்டவர். எழுத்தறிவு மிஷனின் நான்காம் வகுப்புச் சமநிலைத் தேர்வை அவர் எழுதித் தேறியபோது வயது 105. நாடே கொண்டாடியது, நாரி சக்தி விருதும் கொடுத்தது. கொண்டாடியவர்கள் நடுவில் கடந்த தொண்ணூற்றாறு ஆண்டுகளையும் கொஞ்சம் நினைத்திருக்க வேண்டும்.

பணத்தோடு இன்னொன்றும் வேண்டும்: பகலில் மாற்றாள். கேரளத்தில் அதற்கான அடித்தளம் இருக்கிறது. நாட்டிலேயே முதலாக 2008இல் நோய்த்தணிப்புச் சிகிச்சைக் கொள்கை வகுத்த மாநிலம் அது. பஞ்சாயத்துகளின் செவிலியர்கள் வீடு தேடி வந்து புண் கட்டுகிறார்கள், டியூப் மாற்றுகிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காகப் பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீயும் உள்ளாட்சிகளும் 2004 முதல் ‘பட்ஸ்’ பள்ளிகளை நடத்துகின்றன. பிள்ளை பட்ஸ் பள்ளியில் இருக்கும் ஐந்தாறு மணி நேரத்தில் அக்கா கல்லூரிக்குப் போய் வரலாம். படுக்கை நோயாளிக்குத்தான் பகல் முழுதும் ஆள் இல்லை. பக்கத்து வீட்டு அம்மச்சியின் நல்ல மனத்தை நம்பித்தான் வாசல் தாண்ட வேண்டியிருக்கிறது.

ஆஸ்வாசகிரணத்தில் சேர்க்க வேண்டியது அதிகமில்லை. பராமரிப்பாளர் கல்லூரியிலோ தொழிற்பயிற்சியிலோ சேர்ந்தால் தொகை நிற்காது என்று ஒரு வரி. தேர்வுக் காலத்தில் அந்த வீட்டுக்குப் பஞ்சாயத்து வழியாகப் பகல் துணை. படிப்பு முடியும்வரை பெயரை நீக்கக் கூடாது என்ற உத்தரவாதம். முதல் வரிக்கும் மூன்றாவதுக்கும் அரசுக்குப் புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஏற்கெனவே கொடுத்துவரும் 600 ரூபாயைத் தொடர்ந்து கொடுத்தால் போதும்.