கோலுக்குத் திசை உண்டு

பந்தை எப்படித் திருப்பி வைத்தாலும் அது அதே பந்துதான். கோலுக்கோ நீளவாட்டம் என்று ஒன்று உண்டு. படுக்கவைத்தால் ஒரு நிலை, நிறுத்திவைத்தால் வேறொரு நிலை. கட்டடத் தூண் முதல் கண்ணின் விழித்திரை வரை கோல் வடிவம் செய்யும் வேலைகள் பலவும் இந்தத் திசைக் குணத்திலிருந்தே பிறக்கின்றன.

தென்னை ஈர்க்கு ஒன்றை இரு முனையிலும் பிடித்து இழுத்தால் எளிதில் அறாது. அதையே தரையில் ஊன்றி மேலிருந்து விரலால் அழுத்தினால், நசுங்குவதற்கு வெகு முன்பே பக்கவாட்டில் வில்லாக வளைந்துவிடும். பொறியாளர்கள் இதை ‘பக்லிங்’ என்பார்கள். சுமை தாளாமல் பொருள் நொறுங்குவது வேறு. இது மெலிந்து நீண்ட வடிவத்தால் வரும் வினை. இதற்கான கணக்கைச் சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை லியோனார்டு ஆய்லர் 1744இல் வெளியிட்டார். அதன்படி, கோலின் நீளம் இரு மடங்கானால் அது வளையாமல் தாங்கும் சுமை கால் பங்காகிவிடும். நீளத்தை மாற்றாமல் விட்டத்தை மட்டும் இரு மடங்காக்கினால் தாங்கும் சுமை 16 மடங்காகும்.

சாரம் கட்டுபவர்கள் ஆய்லரைப் படித்ததில்லை. ஆனாலும் நெட்டுக்கு நிறுத்திய சவுக்குக் கம்புகளை இடையில் குறுக்குக் கம்பு வைத்துப் பிணைக்காமல் விடுவதில்லை. கட்டிய இடம் பக்கவாட்டில் நகர முடியாது. எனவே கம்பின் நீளம் கணக்கில் பாதியாகிவிடுகிறது, தாங்கும் சுமை நான்கு மடங்காகிறது. கான்கிரீட் தூணுக்குள் நெடுக நிற்கும் கம்பிகளைச் சுற்றி நெருக்கமாக ரிங் கட்டுவதற்கும் இது ஒரு காரணம். ரிங்குகள் எட்ட எட்ட இருந்தால், நிலநடுக்கத்தில் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் உள்ளிருக்கும் கம்பிகள் வெளிப்பக்கம் பிதுங்கிவிடும்.

வளைவை எதிர்ப்பதில் கோலின் நடுப்பகுதிக்குப் பங்கு மிகக் குறைவு. பாரம் பெரும்பாலும் ஓரத்தில் உள்ள பொருளின் மேல்தான் விழுகிறது. உருண்டைக் கோல் ஒன்றின் உட்புறத்தைப் பாதி விட்டத்துக்குக் குடைந்து எடுத்தால் எடையில் 25 விழுக்காடு போய்விடும். விறைப்பில் குறைவதோ சுமார் 6 விழுக்காடுதான். பறவை எலும்பும் நாணலும் உள்ளே வெறுமையாக இருப்பதன் ஆதாயத்தைக் கலிலியோ தம் 1638ஆம் ஆண்டு நூலிலேயே பேசியிருக்கிறார். ஆனால் குழலுக்கும் ஒரு பலவீனம் உண்டு. வளைக்கும்போது அதன் வாய் நீள்வட்டமாகச் சப்பையாகி, ஓரிடத்தில் சட்டென மடிந்துவிடும். குளிர்பான உறிஞ்சுகுழலை வளைத்துப் பார்த்த எவருக்கும் இது தெரியும். மூங்கிலின் கணுக்கள் இதைத் தடுக்கின்றன. ஒவ்வொரு கணுவிலும் உள்ளே குறுக்குத் தட்டு இருப்பதால் தண்டு சப்பையாவதில்லை.

உயிர்களில் மிகப் பழைய கோல்கள் பாக்டீரியாக்கள். 1828இல் எரன்பர்க் வைத்த அந்தப் பெயருக்கே கிரேக்கத்தில் ‘சிறு கோல்’ என்றுதான் பொருள். ‘பேசில்லஸ்’ என்பதற்கு லத்தீனிலும் அதே பொருள். இன்று உருண்டை வடிவ நுண்ணுயிரைக்கூட பாக்டீரியா என்ற பெயராலேயே, அதாவது கோல் என்றே, அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

குடலில் வாழும் ஈ.கோலை ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள கோல். வாயில்லாத உயிர் அது. உணவு முழுவதும் மேற்பரப்பு வழியாகவே உள்ளே வந்தாக வேண்டும். உருண்டை ஒன்று இரு மடங்கு விட்டத்துக்கு வளர்ந்தால் கனஅளவு 8 மடங்காகும், மேற்பரப்பு 4 மடங்குதான் ஆகும். கோல் பருக்காமல் நீளமாக மட்டும் வளரும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கூடுகின்றன. வளர்ந்து இரண்டாகப் பிரியும் வரை பற்றாக்குறை வருவதில்லை.

ஆனால் செல்லுக்குள் நீர் அழுத்தம் அதிகம். அழுத்தமேறிய எந்தக் குழலிலும் சுற்றுவாட்டில் விழும் இழுவிசை நீளவாட்டில் விழுவதைப்போல் இரு மடங்கு. வெந்த சாசேஜ் எப்போதும் நெடுக்காக வெடிப்பது இதனால்தான். ஈ.கோலையின் செல்சுவரில் உள்ள சர்க்கரை இழைகள் பெரும்பாலும், பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போட்டதுபோல், சுற்றுவாட்டில் ஓடுகின்றன. சுவர் எங்கே வளர வேண்டும் என்று வழிகாட்டும் ‘எம்ஆர்இபி’ என்ற புரதத்தின் வேலை 2001இல் தெரியவந்தது. உருண்டை வடிவ பாக்டீரியாக்கள் பலவற்றில் அந்தப் புரதம் கிடையாது. லைசோசைம் நொதியால் சுவரைக் கரைத்துவிட்டால் ஈ.கோலையும் உருண்டையாகிவிடும். கோலாக இருப்பதற்கு ஓயாத உழைப்பு தேவைப்படுகிறது.

புகையிலைச் செடியின் இலையில் தேமல் உண்டாக்கும் வைரஸ் இன்னும் சிறிய கோல். 300 நானோமீட்டர் நீளம், 18 நானோமீட்டர் விட்டம். நடுவில் வைரஸின் ஆர்என்ஏ இழை சுருளாக ஓட, அதைச் சுற்றி 2,130 புரத அலகுகள் படிக்கட்டுபோல் அடுக்கப்பட்டிருக்கின்றன. 1936இல் பாடன், பிரீ முதலியோர் இந்த வைரஸைச் சுத்திகரித்து நீரில் கலந்தபோது எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். செறிவு ஓரளவு கூடியதும் கரைசல் இரண்டு அடுக்குகளாகப் பிரிந்தது. கீழடுக்கில் கோல்கள் எல்லாம் ஒரே திசை நோக்கிக் கிடந்தன. மேலடுக்கில் தாறுமாறாகக் கிடந்தன.

கோல்கள் ஒன்றையொன்று ஈர்க்காமலேயே இப்படி நடக்கலாம் என்று 1949இல் லார்ஸ் ஆன்சாகர் காட்டினார். வெப்பத்தால் அசைந்துகொண்டே இருக்கும் துகள்கள், மொத்தத்தில் அசைய அதிக வழி கிடைக்கும் நிலையையே நாடும். இதை இயற்பியல் ‘என்ட்ரோபி’ என்கிறது. ஒழுங்கின்மையின் அளவு என்று பள்ளிப் பாடம் சொல்லும். நெருக்கடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் கோல்கள் ஒன்றன் வழியை ஒன்று அடைக்கின்றன. எல்லாம் ஒரு பக்கமாகத் திரும்பினால் ஒவ்வொன்றும் திரும்பும் உரிமையைக் கொஞ்சம் இழக்கிறது. அதைவிட அதிகமாக, நகர இடம் பெறுகிறது. ஆக, இங்கே ஒழுங்கைக் கொண்டுவருவது என்ட்ரோபியேதான். பாடப்புத்தக வரையறையை அப்படியே நம்புவோருக்கு இது முரணாகத் தோன்றும், கோளாறு வரையறையில்தான்.

இடம் முழுதாக ஒழுங்குபடாமல், திசை ஒழுங்குபட்ட இத்தகைய திரவங்கள்தாம் திரவப் படிகங்கள். இவற்றை 1888இல் ஆஸ்திரிய தாவரவியலாளர் ரைனிட்சர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ட்ரால் சேர்மம் ஒன்றில் முதலில் கவனித்தார். 1970களில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே உருவாக்கிய கோல் வடிவ மூலக்கூறுகள் அறை வெப்பநிலையிலேயே திரவப் படிகமாக இருந்தன. திரவப் படிகத் திரை கொண்ட கைக்கடிகாரமும் கால்குலேட்டரும் பரவலாக அவை வழிவகுத்தன. மின்னழுத்தம் கொடுத்தால் அந்த மூலக்கூறுகள் கூட்டமாகத் திரும்பும். ஒளி கடக்கும் இடம் இருண்டுவிடும். பெங்களூரு ராமன் ஆய்வுக்கழகத்தில் எஸ்.சந்திரசேகர் குழுவினர் 1977இல் தட்டு வடிவ மூலக்கூறுகளிலும் இந்நிலையைக் கண்டார்கள். கோலாகவே இருக்க வேண்டும் என்றில்லை, ஒரு திசை இருந்தால் போதும்.

திரையின் ஒளி போய்ச் சேரும் கண்ணிலும் கோல்கள் உண்டு. விழித்திரை ஒவ்வொன்றிலும் சுமார் 12 கோடி குச்சி செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் இருக்கின்றன. குச்சி செல்லின் ஒரு பாதிக்குள், நாணயங்களை அடுக்கியதுபோல், சுமார் ஆயிரம் மெல்லிய தட்டுகள் உள்ளன. அவற்றில் ரொடாப்சின் என்ற நிறமி செறிந்திருக்கிறது. ஒளி இந்த அடுக்கின் நீளவாட்டத்தில் நுழைவதால், ஒரு தட்டில் தப்பிய ஒளித்துகள் அடுத்தடுத்த தட்டுகளில் அகப்படுகிறது. தேரையின் குச்சி செல்லில் ஒற்றை ஒளித்துகளுக்கு எழும் மின் சமிக்ஞையை 1979இல் பெய்லரும் சகாக்களும் அளந்தார்கள். ரொடாப்சின் உருவாக வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் மாலைக்கண் வருகிறது.

குச்சி செல்கள் எல்லாவற்றிலும் நிறமி ஒன்றேதான். அதனால், அவை மட்டுமே வேலை செய்யும் மங்கிய ஒளியில் நிறங்கள் தெரிவதில்லை. பார்வையின் மையப் புள்ளியில் கூம்பு செல்கள் மட்டுமே உண்டு. குச்சி செல்கள் சற்றுத் தள்ளித்தான் தொடங்குகின்றன. மங்கலான விண்மீனை நேராக உற்றுப் பார்த்தால் அது மறைந்துபோவதும், பார்வையைக் கொஞ்சம் ஒதுக்கினால் மீண்டும் தென்படுவதும் இதனால்தான்.