ஷட்டர் கனக்க ஆரம்பித்துவிட்டதா?

புதுச்சேரியின் செல்லிப்பட்டு போன்ற ஊர்களில் இப்போது வீடு கட்டுகிறவர்கள் முன்பக்கம் ஒரு ஷட்டர் வைக்காமல் விடுவதில்லை. வாடகைக்கு விட ஒரு கடை அறை, இல்லையென்றால் கார் நிறுத்த ஒரு ஷெட். மாட்டிய புதிதில் ஒரு கையால் தள்ளினாலே ஏறும். சில வருஷத்தில் இரண்டு கையும் வேண்டியிருக்கும். பிறகு கொக்கிக் கம்பி, பிறகு பக்கத்து வீட்டுப் பையனின் தோள். கடைசியில் ஒருநாள் மேலே 'தடார்' என்று ஒரு சத்தம். அப்போதும் ஆளைக் கூப்பிடுவதில்லை. வீட்டுக்காரரே ஏணியைப் போட்டு ஏறுகிறார். விரல் நசுங்கி, மணிக்கட்டு பிசகி வருகிறவர்களைக் கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஸ்பிரிங்தானே சார், நாமே மாட்டிடலாம்னு பார்த்தேன்."

எட்டடிக்கு எட்டடி ஷட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு ஏறக்குறைய 6 சதுர மீட்டர். 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 9.4 கிலோ. தட்டையாகக் கணக்குப் போட்டாலே 56 கிலோ ஆகிவிடுகிறது. பட்டிகளின் வளைவு, அடியில் உள்ள ஆங்கிள், பூட்டுத் தகடு எல்லாம் சேர்ந்தால் இன்னும் ஏறும். ஒரு சிமென்ட் மூட்டைக்கு மேலான இந்தப் பளு தலைக்கு மேலே சுருண்டு நிற்பது ஸ்பிரிங்கின் தயவில்.

மேலே கவருக்குள் ஓர் இரும்பு பைப் இருக்கிறது. அதில் அகலத்துக்குத் தகுந்தபடி சில ஸ்பிரிங்குகள், பட்டை எஃகைச் சுருட்டிச் செய்தவை. ஷட்டரை இறக்கும்போது அவை முறுக்கேறுகின்றன. ஏற்றும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து பளுவைத் தூக்கித் தருகிறது. ஆகவே ஷட்டர் முழுக்க மூடியிருக்கும்போதுதான் முறுக்கு உச்சத்தில் இருக்கிறது. பூட்டிக் கிடக்கிறதே, என்ன செய்துவிடும் என்று அந்த நிலையில் கவரைக் கழற்றி ஸ்பானர் போடுகிறவர்களுக்கு இதை எத்தனை முறை சொல்வது? ஏற்றிய நிலையிலும் முறுக்கு முழுதாகப் போவதில்லை. மாட்டும்போதே சில சுற்று முறுக்கித்தான் மாட்டியிருப்பார்கள்.

ஒரு ஸ்பிரிங் உடைந்தாலும் மற்றவை கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். ஷட்டர் கனக்கும், ஆனால் ஏறும். ஏறுகிறதே என்று அப்படியே ஓட்டுகிறோம். மீதி ஸ்பிரிங்குகளும் தேய்ந்து, ஒருநாள் மொத்தமும் விட்டுவிடும். கனக்கிற ஷட்டர் ஏற்கெனவே பழுதான ஷட்டர். அன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.

கண்டுபிடிப்பது எளிது. தெருவில் சவ ஊர்வலம் போகும்போது கடைக்காரர்கள் பாதி ஷட்டரை இறக்குகிறார்களே, அந்த உயரத்தில் கையை மெல்லத் தளர்த்திப் பாருங்கள். கால்களை ஷட்டருக்கு வெளியே வைத்துக்கொண்டுதான். நல்ல ஸ்பிரிங் என்றால் ஷட்டர் அங்கேயே நிற்கும், அல்லது மிக மெதுவாக நகரும். சரிந்து வந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. விருட்டென்று மேலே ஓடினால் யாரோ முறுக்கை அதிகம் வைத்திருக்கிறார்கள். அதுவும் ஆபத்துதான். பாதியில் நிற்காத ஷட்டருக்கு அடியில் செங்கல்லோ கட்டையோ முட்டுக் கொடுத்துவிட்டு வியாபாரம் பார்ப்பதையும் குழந்தைகளை அதன்கீழ் விளையாட விடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஷட்டர் ஓடும் இரண்டு பக்கக் கைடுகளிலும் மண் சேராமல் துடைக்க வேண்டும். ஸ்பிரிங்குக்கும் பைப் முனைகளுக்கும் வருஷம் ஒருமுறை, மழைக்கு முன், ஆளை வைத்து கிரீஸ் போட வேண்டும். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றினால் தூசியைப் பிடித்துப் பசையாக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது கொட்டிய மழையில் தாழ்வான இடங்களில் ஷட்டர்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்றவற்றில் கைடு துருப்பிடித்து உராயும். அதற்கும் ஸ்பிரிங்கைக் குறை சொல்லி, 'இன்னும் ரெண்டு சுத்து முறுக்குப்பா' என்கிறார்கள். துருவுக்கு முறுக்கைக் கூட்டினால் முதலில் சாவது ஸ்பிரிங்தான்.

ஆயுள் கணக்கும் இருக்கிறது. வெளிநாடுகளில் கார் ஷெட் கதவுக்கான சாதாரண ஸ்பிரிங்கை 10,000 முறை திறந்து மூடும் கணக்கில் செய்கிறார்கள். நாளைக்கு நான்கு முறை என்றால் ஏழு வருஷம்கூட வராது. நம்மூரில் விற்பவர் இதைச் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. இந்திய தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 6248 என்ற தரம் கையால் தள்ளும் ஷட்டருக்கு அளவு வைத்திருக்கிறது: பால் பேரிங் இல்லாமல் 8 சதுர மீட்டர், பேரிங்கோடு 12 சதுர மீட்டர். அதற்கு மேல் சங்கிலி, கியர் வைத்துத்தான் இயக்க வேண்டும். ஒரே ஷட்டரில் இரண்டு வண்டி நுழைய வேண்டும் என்று அகலமாகக் கேட்டுவிட்டு, கியருக்கு ஆகும் காசை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மாற்றும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஷட்டரை முழுக்க ஏற்றி, இறங்காதபடி கட்டி, பைப்பை ரெஞ்சில் பிடித்துக்கொண்டு முறுக்கைச் சுற்றுச் சுற்றாக அவிழ்க்க வேண்டும். தனியாக வந்து ஒற்றை ஏணியில் ஏறும் ஆளைத் திருப்பி அனுப்புங்கள். உடைந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்பவரிடம் மற்றவற்றையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்; ஒரே நாளில் மாட்டியவை ஏறக்குறைய ஒன்றாகத்தான் தேயும். ஏறுவதற்கு முன் மெயினை அணைப்பது கட்டாயம். விளக்கு ஒயரும் போர்டு ஒயரும் கவரை ஒட்டி ஓடுகின்றன. ஒயர் தேய்ந்து தொட்டால் ஷட்டர் முழுக்க மின்சாரம் பாயும்.

இனி காகிதம். நம் ஆட்கள் கோட்டைவிடும் இடமே இதுதான். வேலை முடிந்ததும் ஒரு பில் வாங்குங்கள். பட்டறையின் பெயர், முகவரி, தேதி, எத்தனை ஸ்பிரிங், என்ன கூலி, எத்தனை மாத உத்தரவாதம், கையெழுத்து. துண்டுச் சீட்டானாலும் பரவாயில்லை, இவை இருக்க வேண்டும். பணத்தை முடிந்தவரை வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள். உடைந்த ஸ்பிரிங்கைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள், மெக்கானிக் எடுத்துப் போகவும் விடாதீர்கள். வழக்கு என்று வந்தால் அதுதான் உங்கள் சாட்சி. மறுபடியும் சொல்கிறேன், உடைந்த ஸ்பிரிங் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

புதிதாகப் போட்டது சில மாதத்தில் உடைந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தீரவில்லை என்றால் பட்டறைக்கு ஒரு கடிதம்: என்ன பழுது, என்ன வேண்டும், பதினைந்து நாள் அவகாசம். 2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. ஆகவே விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் ஒப்படைத்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நம் கிராமங்களைச் சுற்றி விழுப்புரம் மாவட்ட எல்லை பின்னிக் கிடப்பதால், 'கடை தமிழ்நாட்டில் இருக்கிறது, அங்கே போய்க் கொடுங்கள்' என்று யாராவது திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது. அலைய வேண்டாம், புதுச்சேரியிலேயே கொடுங்கள்.

மனுவோடு பில் நகல், புகைப்படம், கடித நகல், தபால் ரசீது, உறுதிமொழிப் பத்திரம் வையுங்கள். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இணையத்தில் இ-ஜாக்ருதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு வருஷம். கடைக்காரர்கள் ஒரு வரியை மறக்கவே கூடாது: 'இக்கடையை என் வாழ்வாதாரத்துக்காகச் சுயதொழிலாக நடத்துகிறேன்.' அது இல்லாவிட்டால் வணிகப் பயன்பாடு, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

அடிபட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். 'வண்டியிலிருந்து விழுந்தேன்' என்று வெட்கத்துக்குச் சொன்ன பொய் விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால் பிறகு எந்த இழப்பீட்டுக்கும் அதுவே முட்டுக்கட்டை. பிறருடைய அலட்சியத்தால் காயம் என்றால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கொடுங்கள். 'எங்கள் எல்லை இல்லை' என்ற பழைய பல்லவி செல்லாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவுப்படி, பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும்.

வாடகைக் கடையில் யார் செலவு செய்வது என்று சண்டை போட்டே பல ஷட்டர்கள் மாதக்கணக்கில் அந்தரத்தில் நிற்கின்றன. ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்தது. வீட்டுக்காரர் பொறுப்பு என்றிருந்து, எழுத்தில் கேட்டும் அவர் அசையவில்லை என்றால், வாடகைதாரர் தாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு இடம் தருகிறது. வாயால் சொன்னதை நிரூபிப்பது கஷ்டம், கடிதமாகவே கொடுங்கள்.

ஷட்டர் வேலை செய்கிற தம்பிகளுக்கும் ஒன்று. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரை சேரலாம். வருஷம் 20 ரூபாய், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள்; ஜூன் 1 முதல் மே 31 வரை காப்பு. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஒரு கண்ணோ ஒரு கையோ முற்றிலும் செயலிழந்தால் 1 லட்சம். ஆனால் விரல் மட்டும் போனால் ஒரு பைசா வராது. இந்தத் தொழிலில் முதலில் போவதோ விரல்தான். அதற்குத் தனியாக விபத்துக் காப்பீடு எடுங்கள். கையெழுத்துப் போடும் முன், விரல் இழப்புக்கு எவ்வளவு என்று இழப்பீட்டுப் பட்டியலைக் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள்.