வடிகட்டியில் சிக்கிய மருத்துவ அறிக்கை

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து கழுத்தில் கட்டியுடன் ஒரு பெரியவர் எங்களிடம் வந்தார். அக்கட்டியின் திசுவை வேறோர் ஊரின் ஆய்வகம் முன்பே பரிசோதித்திருந்தது. அதன் முடிவை, சின்னசேலத்தில் ஒரு பிரௌசிங் சென்டரிலிருந்து அவருடைய பேரன் எங்கள் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினான். எங்கள் கைக்கு அது வரவில்லை. பெரியவர் இருமுறை மலையிலிருந்து பேருந்தில் இறங்கி வந்தார். இருமுறையும் "இன்னும் வரவில்லை" என்று சொல்லி அனுப்பினோம். "அனுப்பிட்டேன்னு பேரன் சத்தியம் பண்றானுங்க ஐயா" என்று அவர் இரண்டாம் முறை சொன்ன பிறகே தேடத் தொடங்கினோம்.

அறிக்கை 11 நாள்களாக எங்கள் சர்வரிலேயே இருந்தது. குப்பை அஞ்சல்களைத் தடுத்து வைக்கும் பெட்டியில், லாட்டரிப் பரிசு அறிவிப்புகளுக்கும் போலிக் கடன் அழைப்புகளுக்கும் நடுவே கிடந்தது. கட்டிக்குக் காரணம் காசநோய். மருந்தை 11 நாள்கள் முன்னரே தொடங்கியிருக்கலாம். அவர் இப்போது நலமாக இருக்கிறார் என்பது எங்கள் பிழையைச் சிறிதாக்கிவிடாது.

அப்படியானால் அந்த வடிகட்டி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேட்டே ஆக வேண்டிய கேள்விதான்.

ஸ்பேம் எனப்படும் குப்பை அஞ்சலின் வரலாறு 1978 மே 3 அன்று தொடங்கியதாகச் சொல்வார்கள். அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளரான கேரி தர்க், ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அன்று அது வெறும் தொல்லை. இன்று அதன் வழியே நுழைவது வேறு. அயர்லாந்தின் அரசு மருத்துவச் சேவையில், 2021 மார்ச் 18 அன்று ஓர் ஊழியர் தமக்கு வந்த மின்னஞ்சலின் எக்செல் இணைப்பைத் திறந்தார். அதில் ஒளிந்திருந்த நச்சு நிரல் எட்டு வாரங்கள் ஓசையின்றிப் பரவி, மே 14 அன்று நாடு முழுவதும் மருத்துவமனைக் கணினிகளை முடக்கியது. புறநோயாளிகளின் சந்திப்புகள் பெருமளவில் ரத்தாயின. சீரமைக்கப் பல மாதங்கள் ஆயின. நம் நாட்டில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் 2022 நவம்பர் 23 அன்று இணையத் தாக்குதலால் முடங்கியபோது, நோயாளிகளின் பதிவைக் கையால் எழுத வேண்டியதாயிற்று. ஆகவே கதவைத் திறந்து போட்டுவிட்டு உறங்க இயலாது.

எங்கள் சர்வரில் ஸ்பேம் அசாசின் என்னும் இலவச மென்பொருளை நிறுவினோம். அது ஒவ்வோர் ஐயக்குறிக்கும் மதிப்பெண் இடும். கூட்டுத்தொகை 5 ஆனால் அஞ்சலைக் குப்பை என முத்திரையிடும். மென்பொருளோடு வரும் அளவு அதுதான். ஒருமுறை ஒரு போலி பில் எங்கள் கணக்குப் பிரிவு வரை வந்துவிடவே, அஞ்சி அந்த அளவை 3 ஆகக் குறைத்தோம். குப்பை வரத்து ஓய்ந்தது. அதைப் பெருமையாகவும் பேசிக்கொண்டோம்.

பேரனின் அஞ்சலை அந்தக் கண்ணால் பாருங்கள். பொருள் வரி காலி. உள்ளே ஒரு சொல் இல்லை. ஒரு புகைப்படம் மட்டும். அனுப்பியது கடையின் பொது முகவரி. குப்பை அனுப்புவோரும் எழுத்தைத் தவிர்த்துப் படமாகவே அனுப்புவது வழக்கமாதலால், வடிகட்டி தன் விதிப்படி சரியாகவே நடந்தது. சொந்தக் கணினியும் நிலையான அலைபேசிச் சமிக்ஞையும் இல்லாத மலையூர்க்காரர் அறிக்கை அனுப்பும் முறையே அதன் கண்ணில் குற்றமாகிவிட்டது.

மருத்துவர்களாகிய எங்களுக்கு இது புதிய பாடமன்று. எந்தப் பரிசோதனைக்கும் இருவகைப் பிழை உண்டு: நோயை நோயில்லை என்பது, நோயில்லாதவரை நோயாளி என்பது. ஒன்றைக் குறைத்தால் மற்றது பெருகும். ஒரு வணிக நிறுவனம் சில நல்ல அஞ்சல்களை இழந்தாலும் தாங்கிக்கொள்ளும். இங்கே இழக்கும் ஒவ்வொன்றும் ஒருவரின் உடல்.

ஆகையால் அளவை மீண்டும் 5-க்கே உயர்த்தினோம். அடுத்து, வடிகட்டிக்கு எங்கள் மொழியைக் கற்பித்தோம். தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1763-இல் வெளியான நிகழ்தகவுக் கட்டுரையே இதற்கு அடிப்படை. அதை நாங்கள் நாள்தோறும் அறிந்தோ அறியாமலோ கையாள்கிறோம். மழைக்காலத்தில் மலையடிவாரத்திலிருந்து ஒருவர் காய்ச்சலோடு வந்தால் உண்ணிக் காய்ச்சலோ என்று ஐயுறுகிறோம்; உடலில் கருகிய சிறு புண்ணைக் கண்டால் அந்த ஐயம் பன்மடங்கு வலுக்கிறது. வடிகட்டியும் அப்படியே சொல் சொல்லாக ஐயத்தைக் கூட்டியும் குறைத்தும் கணிக்கிறது. ஆனால் குறைந்தது 200 நல்ல அஞ்சல்களையும் 200 குப்பை அஞ்சல்களையும் காட்டிய பின்னரே இந்தக் கணிப்பைத் தொடங்கும். மற்ற இடங்களில் வயாக்ரா என்ற சொல் குப்பையின் அடையாளம். அதிலுள்ள சில்டினாஃபில் மருந்தையோ, நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் மிகுந்த பச்சிளங்குழந்தைக்குக்கூட நாங்கள் எழுதுகிறோம். மார்பகம், விந்தணு ஆகிய சொற்களும் எங்கள் ஆய்வக அறிக்கைகளில் அன்றாடம் வருபவை. இத்தகைய அறிக்கைகளையும் தமிழில் வந்த அஞ்சல்களையும் நல்லவற்றின் வரிசையில் நிறையச் சேர்த்தோம். இந்தப் பயிற்சி எங்கள் சர்வருக்குள்ளேயே நடந்தது. நோயாளியின் கடிதம் எதுவும் வெளியே செல்லவில்லை.

மூன்றாவது மாற்றமே எங்கள் கருத்தில் முதன்மையானது. தடுத்து வைத்த அஞ்சல்களை இப்போது காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் ஒருவர் பார்க்கிறார். இணைப்புகளை, வார்டுக் கணினிகளோடு தொடர்பில்லாத தனிக் கணினியில் திறக்கிறார். நிரல் கோப்புகளை மட்டும் வாயிலிலேயே மறுத்து, மறுத்த செய்தியை அனுப்பியவருக்குத் தெரிவிக்கிறோம். இதிலும் ஓர் ஓட்டை உண்டு. பிரௌசிங் சென்டரிலிருந்து அனுப்பினால் அந்த மறுப்பைக் கடைக்காரர்தான் காண்பார், நோயாளி காணமாட்டார்.

எனவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். பொருள் வரியில் நோயாளியின் பெயரையும் மருத்துவமனைப் பதிவு எண்ணையும் எழுதுங்கள். உள்ளே, எந்தப் பரிசோதனை, எந்த மருத்துவருக்கு என்று தமிழிலேயே இரண்டு வரி போதும். உங்கள் கைபேசி எண்ணை மறவாதீர்கள். ஐயம் எழுந்தால் அதில்தான் அழைப்போம். புகைப்படத்தைவிட ஆய்வகம் தரும் பி.டி.எஃப். கோப்பு நல்லது. கடவுச்சொல் இட்ட கோப்பை வடிகட்டியால் பிரித்துப் பார்க்க இயலாது, அதைத் தவிருங்கள். நாங்கள் அனுப்பும் நினைவூட்டல் உங்கள் ஸ்பேம் பெட்டிக்குள் போயிருக்கலாம். அங்கும் ஒருமுறை பாருங்கள். ஓ.டி.பி. எண்ணையோ வங்கி விவரத்தையோ எங்கள் பெயரில் யார் கேட்டாலும் அது நாங்கள் அல்ல.

அஞ்சல் அனுப்பிய மறுநாள் மாலைக்குள் எங்களிடமிருந்து "கிடைத்தது" என்ற பதில் வராவிட்டால், பேருந்து ஏறுவதற்கு முன் புறநோயாளிப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். வரும்போது தாளில் அச்சிட்ட அறிக்கையையும் பையில் எடுத்து வாருங்கள்.