அளவறிந்த பக்தி

நம் திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வருவோரைக் கண்டிருக்கிறோம். ஆரம்பத்தில் விரைந்து நடப்பவர்கள் பாதி வழியில் களைத்து அமர்வதுண்டு. நிதானமாக நடப்பவர்கள் சுற்றி முடிக்கிறார்கள். பக்தியும் படிப்பும் இப்படித்தான்.

தவக்காலமும் தேர்வும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. எங்களில் ஒருத்தி காலை உணவைத் தியாகமாக ஒதுக்கி, நள்ளிரவுவரை விழித்திருந்தாள். மாதிரித் தேர்வில் தலை சுற்றியது. தெரிந்த கணக்குகளையும் விட்டுவிட்டாள். ஏன் இப்படி ஆயிற்று என்று நாங்கள் சிந்தித்தோம்.

புனித இஞ்ஞாசியாரும் இதை அனுபவத்தால் கற்றவரே. மன்ரேசா என்னும் ஊரில் மனக்கலக்கம் நீங்க வேண்டி ஒரு வாரம் உண்ணாதிருந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்ட குருவானவர் கட்டளையிட்ட பின்பே உணவருந்தினார். பிற்பாடு, சுமார் 33 வயதில் பார்சிலோனாவில் இலத்தீன் கற்றார். மனப்பாடம் செய்ய அமர்ந்தால் ஞானச் சிந்தனைகள் பொங்கி வந்தன. திருப்பலி வேளையிலும் அவ்வளவு வரவில்லை! ஆகவே இது படிப்பைக் கெடுக்கும் சோதனை என்று தெளிந்தார். இரண்டு ஆண்டுகள் பாடத்தைத் தவறாது கேட்பதாக ஆசிரியரிடம் வாக்களித்தார். நல்லவை எல்லாம் எவ்வேளைக்கும் நல்லவை அல்ல என்று பகுத்தறிவதே தெளிவு.

திருச்சபையும் அளவறிந்தே சட்டம் வகுத்துள்ளது. 14 வயது நிறைந்தோருக்குச் சுத்தபோசனம். 18 வயது நிறைந்தோருக்கே ஒருசந்தி.

ஆகையால் தோழியரே, தவக்காலத்தில் இறைச்சியை விடுவோம், வீண்பேச்சை விடுவோம். காலை இட்டிலியை விட வேண்டாம். செபவேளையில் செபிப்போம், பாடவேளையில் படிப்போம், இரவில் உறங்குவோம். இறைவன் தந்த உடலைப் பேணுவதும் அவருக்கு நாம் செய்யும் ஊழியமே.