சேர்ந்து தட்டும் கைகள்

மதியச் சாப்பாடு முடிந்து மணி அடிப்பதற்குள் இருக்கும் கொஞ்ச நேரத்தில், எந்தத் தொடக்கப் பள்ளித் தாழ்வாரத்திலும் இதைப் பார்க்கலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். முதலில் தன் கைகளையே ஒரு தட்டு. அடுத்து வலது கை, எதிரே நிற்பவளின் வலது கையோடு. மறுபடி தன் கை. பிறகு இடதோடு இடது. மறுபடி தன் கை. கடைசியில் நான்கு உள்ளங்கைகளும் நேருக்கு நேர். வாயில் ஒரு பாட்டு, அதற்குப் பொருள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. சுற்றுக்குச் சுற்று வேகம் கூடுகிறது. எங்கோ ஒரு கை காற்றில் தவறுகிறது. இருவரும் வெடித்துச் சிரித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

பொழுது போகாமல் ஏதோ செய்கிறார்கள் என்று நாம் கடந்துபோய்விடுவோம். மூளைக்கு அது லேசுப்பட்ட வேலை அல்ல.

எதிரே இருப்பவளின் கை வருவதைக் கண்ணால் பார்த்து, அதன் பிறகு தன் கையை நீட்டினால் காரியம் கெட்டுவிடும். கண் பார்த்ததற்குக் கை அசைய, பெரியவர்களுக்கே சுமார் ஐந்தில் ஒரு பங்கு நொடி ஆகும். பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். அதற்குள் அந்தக் கை இறங்கிவிடும். ஆகவே பார்த்துத் தட்டுவது நடக்காது. முன்கூட்டியே கணித்துத்தான் தட்ட வேண்டும். ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவர் படி இப்போது இருக்கும் இடத்தில் காலை வைப்பதில்லை, வரப்போகும் இடத்தில் வைக்கிறார் இல்லையா, அதே கணக்கு. ஒரே சீராக வரும் ஒலிக்கு ஏற்ப விரலால் தட்டச் சொல்லிச் சோதித்தால், பெரும்பாலோர் ஒலி வருவதற்குச் சில பத்து மில்லிநொடிகள் முன்பே தட்டிவிடுகிறார்கள். காது கேட்கும்வரை மூளை காத்திருப்பதில்லை. அசையாமல் உட்கார்ந்து தாளத்தைக் கேட்கும்போதுகூட, மூளையில் உடல் அசைவைத் திட்டமிடும் பகுதிகள் சுறுசுறுப்பாவதை ஸ்கேன் படங்கள் காட்டியிருக்கின்றன.

தாளத்தை உணரும் திறன் பிறக்கும்போதே இருப்பதாகத் தெரிகிறது. புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் தூங்கும்போது தாளத்தை ஒலிக்கவிட்டு, முக்கியமான அடியை மட்டும் அவ்வப்போது எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஏதோ விட்டுப்போனதை மூளையின் மின்னலைகள் காட்டிக்கொடுத்தன. ஆனால் உணர்வது வேறு, கையைக் காலை அதோடு சேர்ப்பது வேறு. இரண்டு, மூன்று வயதுக் குழந்தையிடம் டிரம்மைக் கொடுத்தால் தன் போக்கில், தன் வேகத்தில் தட்டும். அடுத்தவர் வேகத்துக்கு இறங்கிவர அதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

இங்கேதான் ஒரு விசித்திரம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில், மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் செபாஸ்டியன் கிர்ஷ்னரும் மைக்கேல் டொமாசெல்லோவும் இரண்டரை வயது முதல் நான்கரை வயது வரையிலான குழந்தைகளோடு மேளம் தட்டிப் பார்த்தார்கள். ஒரு முறை மனிதர் எதிரே உட்கார்ந்து தட்டினார். இன்னொரு முறை ஓர் இயந்திரம் தட்டியது. வேறொரு முறை ஒலிபெருக்கியிலிருந்து சத்தம் மட்டும் வந்தது. மூன்றிலும் தாளம் ஒன்றுதான். மனிதரோடு தட்டும்போதுதான் எல்லா வயதுக் குழந்தைகளும் தாளத்தோடு அதிகம் சேர்ந்தார்கள். இயந்திரம் எவ்வளவு சுத்தமாகத் தட்டினாலும் குழந்தை அதோடு அந்த அளவுக்குச் சேர்வதில்லை. மொபைலில் பாட்டைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பவர்கள் (வீட்டிலும் சரி, வகுப்பிலும் சரி) இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அதே இருவர் 2010-ல் வெளியிட்ட இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நான்கு வயதுப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக அழைத்துவந்தார்கள். தரையில் ஒரு துணி, அதுதான் குளம். குளத்தில் தூங்கும் தவளைகளை எழுப்புவது விளையாட்டு. பாதி ஜோடிகள் பாட்டுப் பாடி, தவளை வடிவ மரக்கருவியைத் தாளத்தோடு இழைத்து, ஆடிக்கொண்டே எழுப்பினார்கள். மற்றவர்களுக்கும் அதே குளம், அதே தவளை, அதே கதை, அதே குதூகலம். பாட்டும் தாளமும் மட்டும் கிடையாது. விளையாட்டு முடிந்ததும் இருவர் கையிலும் கோலிக்குண்டுகள் நிறைந்த குழாயைக் கொடுத்து ஓரிடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஒரு குழந்தையின் குழாயில் மட்டும் அடிப்பக்கம் திறந்துகொள்ளும்படி முன்பே ஏற்பாடு. குண்டுகள் தரையெங்கும் சிதறின. மற்றக் குழந்தை தன் வேலையை விட்டுவிட்டு உதவ வருமா? சேர்ந்து பாடியவர்கள், பாடாமல் விளையாடியவர்களைவிட அதிகம் உதவினார்கள். தனித்தனியாகவோ சேர்ந்தோ செய்யக்கூடிய இன்னொரு வேலையிலும், பாடிய ஜோடிகள் சேர்ந்து செய்வதையே அதிகம் விரும்பினார்கள்.

இன்னும் சிறிய வயதுக்கும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரா சிரெல்லியும் லாரல் டிரெய்னரும் 14 மாதக் குழந்தைகளைக் குழந்தை சுமக்கும் பையில் வைத்து, இசைக்கு ஏற்பக் குலுக்கினார்கள். எதிரே நின்ற ஆய்வாளரும் குதித்தார். சில குழந்தைகளுக்கு ஒத்த வேகத்தில், சிலருக்கு ஒவ்வாத வேகத்தில். பிறகு அந்த ஆய்வாளர் கைதவறியது போலப் பொருட்களைக் கீழே போட்டார். தன்னோடு ஒத்துக் குதித்தவருக்குக் குழந்தைகள் எடுத்துக் கொடுத்தது அதிகம். தான் மேலே போகும்போது எதிரே இருப்பவர் கீழே போனாலும், வேகம் ஒன்றாக இருந்தால் போதும், அதே பலன் கிடைத்தது.

அதே குழுவினர் இன்னொன்றும் கண்டார்கள்: அந்தக் கூடுதல் உதவி, சேர்ந்து குதித்தவருக்கு மட்டும்தான். ஓரமாக நின்ற, சம்பந்தமில்லாத ஆளுக்கு அந்தச் சலுகை இல்லை. அதாவது தாளம் குழந்தையைப் பொதுவாக நல்ல பிள்ளையாக ஆக்கவில்லை. யாரோடு தாளம் சேர்ந்ததோ அவரை ‘நம்மவர்’ ஆக்கியது. அப்படியானால் வட்டத்துக்குள் யார் நிற்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பதே பெரிய கேள்வி ஆகிறது.

தொடக்கப் பள்ளி வயதை ஒட்டி இதைச் சோதித்தவர்கள் பஹார் துன்ச்கென்ச், எம்மா கோஹன் ஆகியோர். 7 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகளைச் செயற்கையாக இரு அணிகளாகப் பிரித்துவிட்டு, பிறகு எதிரணிப் பிள்ளைகளோடு ஒரே நேரத்தில் ஒரே மாதிரி அசைய வைத்தார்கள். ஒத்து அசைந்த பிறகு எதிரணியோடு நெருக்கம் கூடியது. நம் ஊர்ப் பள்ளிகளில் அணி பிரிக்க ஆய்வாளர் யாரும் வர வேண்டியதில்லை. மாணவர் மணிக்கட்டில் சாதியைச் சொல்லும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்று, நீதிபதி சந்துரு குழு 2024-ல் அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டியிருந்த மாநிலம் இது. ஒரு கும்மிப் பாட்டு சாதியைக் கரைத்துவிடும் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் கயிறு கட்டும் வயதுக்கு முன்பே, ஆறேழு வயதில், யார் கையோடு யார் கை தட்டிப் பழகுகிறது என்பது அலட்சியப்படுத்தும் விஷயம் அல்ல.

உடம்புக்குள் நடப்பது என்ன? மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமெடுக்கும், வெளியே விடும்போது தணியும். பாடும்போது மூச்சைச் சட்டென்று இழுத்து, ஓர் அடி முழுவதும் மெல்ல விடுகிறோம். எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினால் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் 18 வயது மாணவர்களைச் சேர்ந்து பாட வைத்து அளந்தபோது, அவர்களின் இதயத் துடிப்புகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின (2013). இன்னொரு பக்கம், ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழுவினர், பாடியும் ஆடியும் மேளம் தட்டியும் முடித்தவர்களுக்கு வலி தாங்கும் அளவு கூடியிருப்பதைக் கண்டார்கள். உடலே சுரக்கும் வலிநிவாரணியான எண்டார்ஃபின்தான் காரணம் என்பது அவர்கள் கருத்து. சும்மா உட்கார்ந்து இசை கேட்டவர்களுக்கு அந்த மாற்றம் இல்லை.

ஆக, கேட்பதும் பார்ப்பதும் இந்தக் கணக்கில் வராது. நம் ஆண்டு விழாவை நினைத்துப் பாருங்கள். நன்றாக ஆடும் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்து, ஒரு மாதம் ஒத்திகை பார்த்து, வாடகை உடுப்பு மாட்டி மேடையேற்றுகிறோம். மிச்சப் பிள்ளைகள் கீழே வரிசையாக உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். விழா நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் பலன் முழுவதும் மேடை மேல் இருக்கும் பன்னிரண்டு பேருக்குப் போகிறது. கூச்சமுள்ள பிள்ளை, புதிதாகச் சேர்ந்த பிள்ளை, வீட்டில் தமிழ் பேசாத பிள்ளை என்று யாருக்கு அது அதிகம் தேவையோ, அவர்கள் கீழே இருக்கிறார்கள்.

இசை படித்தால் கணக்கு நன்றாக வரும் என்று ஒரு பேச்சு உண்டு. 1993-ல் கலிபோர்னியாவில் கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் மொசார்ட் கேட்டபின் ஒரு சோதனையில் சில நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். அது ஊதிப் பெருகி, ஐந்தாண்டில் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்கப் பணம் கேட்கும் அளவுக்குப் போனது. ஆய்வாளர்கள் ஜியோவானி சாலாவும் ஃபெர்னாண்ட் கோபெட்டும் இசைப் பயிற்சி பற்றிய 54 ஆய்வுகளை, ஏறக்குறைய 7,000 குழந்தைகளைச் சேர்த்து 2020-ல் அலசியபோது, கவனமாக நடத்தப்பட்ட ஆய்வுகளில் அந்த அறிவுப் பலன் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. எனக்கு இதில் வருத்தமில்லை. மதிப்பெண் வாங்கித் தந்தால்தான் பாட்டுக்கு இடம் என்பது என்ன நியாயம்?

ஹங்கேரியின் இசைமேதை சோல்தான் கொடாய் பிறந்த கெச்கெமெத் நகரில், அவரது இசைக் கல்வி முறையைப் பின்பற்றி 1950-ல் ஒரு தொடக்கப் பள்ளி ஆரம்பித்தார்கள். தினமும் எல்லாப் பிள்ளைகளும் பாட வேண்டும். முதல் கருவி தொண்டைதான். பாடம் தொடங்குவது நாட்டுப்புறப் பாட்டில். காசு கொடுத்து வாங்க வேண்டியது எதுவுமில்லை என்பதுதான் அந்த முறையின் கெட்டிக்காரத்தனம். நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பாட்டுக்கென்று தனி ஆசிரியர் பொதுவாகக் கிடையாது. கும்மிக்கும் கைதட்டல் பாட்டுக்கும் அப்படி ஒருவர் வேண்டியதும் இல்லை.

எப்போது தொடங்குவது என்பதற்கும் ஒரு குறிப்பு இருக்கிறது. இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான மாலை வகுப்புகளை ஏழு மாதம் கவனித்தார்கள். முடிவில் கைவினை, எழுத்து, பாட்டு எல்லா வகுப்பினரும் ஏறத்தாழ ஒரே அளவு நெருங்கியிருந்தார்கள். ஆனால் பாடியவர்கள் ஆரம்பத்திலேயே நெருங்கிவிட்டார்கள். முகம் தெரியாதவர்களை வேகமாகச் சேர்ப்பதுதான் பாட்டின் தனிப் பலம்.

எனவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்திலேயே, காலை வழிபாடு முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மைக் வேண்டாம், போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம். வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, நீங்களும் உள்ளே நின்று தட்டுங்கள். யார் பக்கத்தில் யார் என்பதைத் தினமும் மாற்றுங்கள்.