உப்பைத் தாங்கும் நாற்று

காய்கறிச் செடி உப்புக்கு மிகவும் அஞ்சும் பருவம் நாற்றுப்பருவம். உப்பின் அளவைக் காட்டும் மண்சாற்று மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸைத் தாண்டினால் அதை உவர்நிலம் என்பர். காய்கறிகளுக்கு அந்த அளவுவரைகூடப் பொறுமை இல்லை. தக்காளிக்கு 2.5-ஐயும் மிளகாய்க்கு 1.5-ஐயும் பீன்ஸுக்கு 1-ஐயும் கடந்தாலே விளைச்சல் குறையத் தொடங்கும்.

உப்பு செடியை இரு வழிகளில் தாக்குகிறது. முதலில், மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை. பிறகு சோடியம் உள்ளே புகுந்து, பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நொதிகள் தடுமாற, முதிர்ந்த இலைகளின் நுனி கருகுகிறது.

இந்த ஆபத்தை உணரும் செடி அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைச் சுரந்து, இலைத்துளைகளை மூடி நீரைக் காக்கிறது. ஆனால் அதே அமிலம் விதை முளைப்பதையும் தடுக்கிறது. உவர்மண்ணில் விதைத்த விதை உறங்கிப்போவதற்கு இதுவும் காரணம். ஜிப்ரலிக் அமிலம் என்ற மற்றொரு ஹார்மோனின் கரைசலில் ஊறவைத்த விதையில் மாவுச்சத்தைக் கரைக்கும் நொதி தூண்டப்பட்டு, முளைப்பு மீள்கிறது.

முளைத்த நாற்றுக்கு உதவும் ஹார்மோன்களில் சாலிசிலிக் அமிலம் அதிகம் ஆராயப்பட்டது, மலிவானதும்கூட. இது செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் நச்சுகளை அடக்கும் நொதிகளை ஊக்குவித்து, பொட்டாசியம் கசிந்துவிடாமல் காக்கிறது. ஆய்வுகளில் பெரும்பாலும் லிட்டருக்கு 70 முதல் 140 மில்லிகிராம் வரை பயன்படுத்துகின்றனர். குளிர்ந்த நீரில் எளிதில் கரையாது என்பதால், முதலில் சிறிது ஆல்கஹாலில் கரைப்பது வழக்கம். கடுகினத்தைச் சேர்ந்த ரேப் செடியின் மகரந்தத்திலிருந்து 1979-இல் பிரித்தெடுக்கப்பட்ட பிராசினோலைடும் அதன் உறவுச் சேர்மங்களும் இதைவிட மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்கின்றன. அளவு மீறினால் எந்த ஹார்மோனும் நாற்றைக் குன்றச் செய்யும். ஜிப்ரலிக் அமிலம் கூடினால் தண்டு மெலிந்து நீண்டு சாயும்.

ஹார்மோன் உப்பை அகற்றுவதில்லை. நாற்று வேரூன்றும்வரை அவகாசம் தருகிறது. இந்த வேறுபாட்டை விற்பனை விளம்பரங்கள் மறைக்கக் கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினத்து வயல்களில் கடல்நீர் புகுந்தபோது நிலத்தை மீட்டவை, வடிகால் வெட்டியதும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுததும், அடுத்துப் பெய்த மழையும்தான். சோடியம் மண்ணில் ஒட்டிக்கொண்ட களர்நிலத்துக்கு ஜிப்சமும் வேண்டும்.

கடலோர விவசாயிக்கு மட்டுமான சிக்கல் அல்ல இது. சிங்கப்பூரில் டோபி காட்டை அடுத்த சிலிகி, தேக்கா வட்டாரங்களின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரங்களில் மிளகாயும் கத்தரியும் வளர்ப்போருக்கும் இது நேரலாம். மழை படாத தொட்டியில் உரத்தின் உப்பு தங்கி, விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். அங்கே ஹார்மோன் வாங்குமுன், அடித்துளை வழியே நன்கு வடியும்படி நல்ல நீரை ஊற்றி, உரத்தைக் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலான தொட்டிகளுக்கு அதுவே போதும்.